கொட்டிவிடாதீர்கள் அந்தக் கஞ்சியை

வணக்கம். பாஸ்தா சாஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பாட்டிலில் விற்கும் சிவப்புக் குழம்பு, இல்லாவிட்டால் மைதாவும் பாலும் சேர்த்துக் கிண்டிய வெள்ளைக் குழம்பு. இன்றைக்கு இரண்டும் வேண்டாம். ரோம் நகரத்து வீடுகளில் செய்கிற நான்கு சாஸ்களைப் பற்றிப் பேசப்போகிறேன். காச்சோ எ பேப்பே, க்ரீச்சா, அமத்ரிச்சானா, கார்போனாரா. பெயர்தான் நான்கு, குடும்பம் ஒன்று. பெக்கொரீனோ என்கிற செம்மறியாட்டுப் பால் சீஸும் மிளகும் சேர்ந்தால் முதலாவது. அதில் குவான்ச்சாலே, அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கன்னம் சேர்ந்தால் இரண்டாவது. அதிலேயே தக்காளி விழுந்தால் மூன்றாவது, தக்காளிக்குப் பதில் முட்டை விழுந்தால் நான்காவது. பன்றி சாப்பிடாதவர்கள் முதலாவதோடு நின்றுகொள்ளலாம், ஆனால் சொல்லிவிடுகிறேன், நான்கிலும் கஷ்டமானது அதுதான்.

காச்சோ எ பேப்பே என்றால் சீஸும் மிளகும் என்றே அர்த்தம். இவ்வளவுதானே என்று நினைத்து, முதல் தடவையே வீட்டுக்கு ஆள்களைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு செய்தேன். கொதிக்கக் கொதிக்க இருந்த வாணலியில் சீஸைத் துருவிக் கொட்டினேன், அது அப்படியே திரண்டு கரண்டியில் பந்தாக ஒட்டிக்கொண்டது, அடியில் வெறும் தண்ணீர். வந்தவர்கள் நல்லவர்கள், மிளகு வாசனை பிரமாதம் என்றார்கள்.

என்ன தப்பு என்றால், சுமார் 65 டிகிரியைத் தாண்டினால் சீஸில் இருக்கும் புரதம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மாவுச்சத்து நடுவில் இருந்தால் ஒட்டவிடாமல் தடுக்கும். 2025இல் இத்தாலிய இயற்பியலாளர்கள் சிலர் இதையே ஆராய்ச்சியாகச் செய்து கட்டுரை வெளியிட்டார்கள், அதே வருஷம், முதலில் சிரிக்கவைத்து அப்புறம் யோசிக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்குத் தருகிற இக் நோபல் பரிசும் கிடைத்தது. சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் மாவுச்சத்து இருந்தால் சாஸ் திரியாது என்பது அவர்கள் கணக்கு. 100 கிராம் சீஸுக்கு ஒரு தேக்கரண்டி சோளமாவு, அதாவது கடையில் கிடைக்கும் வெள்ளைக் கார்ன்ஃப்ளார், அவ்வளவுதான். கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சி, ஆறவிட்டு, துருவிய சீஸோடு பிசைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரோமில் வயதான பெண்கள் சோளமாவைத் தேடுவதில்லை, அவர்களுக்குப் பாஸ்தா வெந்த கஞ்சியே போதும். 100 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் என்பது வழக்கம், இதற்கு மட்டும் அதைக் குறைத்து, இரண்டு பேருக்கான 200 கிராமுக்கு ஒன்றேகால் லிட்டர் வையுங்கள், கஞ்சி கெட்டியாகக் கிடைக்கும். உப்பையும் குறையுங்கள், பெக்கொரீனோவே உப்புக் கரிக்கும். மிளகை ஒன்றிரண்டாக இடித்து வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, ஒரு கரண்டி கஞ்சி ஊற்றி, வேக இரண்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போதே பாஸ்தாவை எடுத்து அதில் போடுங்கள். வெந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்கள். அந்த ஒரு நிமிஷம்தான் எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அப்புறம் சீஸ் விழுதைப் போட்டு, கஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் புரட்டுங்கள்.

மிளகு என்றதும் இன்னொன்று. இந்தப் பதார்த்தம் அவ்வளவு பழையது அல்ல, ஆனால் நம் முசிறித் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய மிளகுக்கென்றே ரோமாபுரியின் நடுவில் கிடங்கு கட்டியிருந்தார்கள், டொமிஷியன் பேரரசன் காலத்தில், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில்.

சரி, க்ரீச்சாவுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குவான்ச்சாலேயைச் சூடில்லாத வாணலியில் போட்டுச் சிறுதீயில் வைத்தால் தன் கொழுப்பிலேயே அது மொறுமொறுவென்று ஆகிவிடும், எண்ணெய் வேண்டாம். அதிலேயே தக்காளியைப் போட்டால் அமத்ரிச்சானா. அமத்ரீச்சே என்ற மலையூரின் பெயரால் வந்தது, 2016 ஆகஸ்ட் நிலநடுக்கத்தில் இடிந்துபோன அதே ஊர். அந்த ஊர்க்காரர்களிடம் பூண்டு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2015இல் ஒரு பிரபல சமையல்காரர் தொலைக்காட்சியில் பூண்டு போடுவேன் என்று சொன்னதற்கு ஊராட்சியே மறுப்பு அறிக்கை விட்டது! வெங்காயமும் கிடையாது. நமக்குக் கை துறுதுறுக்கும், அடக்கிக்கொள்ளுங்கள்.

கார்போனாராவில் கிரீம் சேர்க்காதே என்று இன்று சண்டை போடுகிறார்கள். ஆனால் 1954இல் இத்தாலியச் சமையல் இதழ் ஒன்றில் வந்த கார்போனாராவில் பூண்டும் சுவிட்சர்லாந்தின் க்ருயேர் சீஸும் இருந்தன. ஆகவே பரம்பரை பரம்பரையாக இப்படித்தான் என்று யாராவது அடித்துச் சொன்னால் சிரித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் கிரீம் வேண்டாம் என்பதே என் கட்சி, ஏனென்றால் அது மிளகையும் சீஸையும் மழுக்கிவிடுகிறது. ஆளுக்கு ஒரு மஞ்சள் கரு, வாணலிக்கு ஒரு முழு முட்டை, கைநிறைய பெக்கொரீனோ, எல்லாவற்றையும் அடித்து வைத்துக்கொண்டு, அடுப்பை அணைத்த பிறகு பாஸ்தாவில் ஊற்றி விடாமல் கிளறுங்கள். சூடு மிஞ்சினால் முட்டைப் பொரியல், குறைந்தால் பச்சை வாடை. கெட்டியானால் இருக்கவே இருக்கிறது கஞ்சி.

இதை மறுபடி சூடாக்க முடியாது, முட்டை பொரிந்துவிடும். அதனால் முட்டையை ஊற்றுவதற்கு முன்னாலேயே வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு, கையில் முள்கரண்டியோடு உட்காரவைத்துவிடுங்கள்.