கஷ்டமான கேம் வேண்டும், கஷ்டமான கன்ட்ரோலர் வேண்டாம்!

வணக்கம் மக்களே! வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டு வருகிறேன், ஃபோகஸ் ஆகட்டும். ம், இப்போது தெரிகிறதா? என் கேம் கன்ட்ரோலரின் இடது ஸ்டிக். கை வைக்காமலே தானாக நகர்ந்துகொண்டிருந்தது, ட்ரிஃப்ட் என்பார்களே அது, இப்போது சரிசெய்தாயிற்று. கட்டை விரலை எடுத்துவிட்டேன். பின்னால் ஸ்கிரீனில் டெஸ்ட் பக்கம் திறந்திருக்கிறது. அந்தச் சின்னப் புள்ளி வட்டத்துக்கு நட்ட நடுவில் நிற்கிறது. துளி அசையவில்லை! ஓரத்துக்குத் தள்ளிவிட்டு விடுகிறேன், சட்டென்று நடுவுக்கே வந்துவிட்டது. இன்னொரு தடவை. ஆகா!

என் சில்க்சாங் கேம் வீடியோக்களை விடாமல் பார்ப்பவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும். அதில் நாம் ஆட்டும் ஹார்னெட்டை ஒரு சின்ன மேடையில் நிறுத்திவிட்டு நான் தண்ணீர் குடிப்பேன். அவள் பாட்டுக்கு இடது பக்கம் நடந்துபோய் முள்ளில் விழுவாள். அந்த கேமில் ஆரம்பத்தில் இருப்பதே ஐந்து மாஸ்க், அதாவது உயிர். நிறைய எதிரிகள் ஒரே அடியில் இரண்டைக் கழற்றிவிடுவார்கள். அதில் ஒன்றை என் கன்ட்ரோலரே தின்றுவிட்டால் நான் எங்கே போவது?

டெட்ஸோனை ஏற்றச் சொல்லி நிறைய பேர் சொன்னீர்கள். ஏற்றினேன், கொஞ்ச நாள் தாங்கியது. டெட்ஸோன் என்றால், நடுவைச் சுற்றி இவ்வளவு தூரத்துக்குள் ஸ்டிக் அசைந்தால் கண்டுகொள்ளாதே என்று சொல்லிவைப்பது, அவ்வளவுதான். ட்ரிஃப்ட் வளர வளர அந்த வட்டத்தையும் பெரிதாக்கிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் பாதி தூரம் தள்ளினால்தான் ஆள் நகரும் என்ற நிலைமை வந்துவிட்டது.

சரி, கடுப்பான விஷயத்துக்கு வருகிறேன். போன வீடியோவுக்கு ஒரு தம்பி எழுதியிருந்தார்: "கன்ட்ரோலர் மேல பழி போடாதீங்க அண்ணா, கஷ்டமான கேம்னா அப்படித்தான் இருக்கும், கிட் குட்." கிட் குட் என்றால் திறமையை வளர்த்துக்கொள் என்று அர்த்தம். தம்பி, உங்கள் மேல் கோபம் இல்லை. ஆனால் இந்தப் பேச்சு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. நம் ஏரியாவில் தெருவுக்குத் தெரு கேரம் ஆடுகிறார்கள். போர்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் யாராவது "இதுதான் சவால்" என்று ஸ்ட்ரைக்கரை எடுப்பார்களா? முதலில் ஸ்டாண்டுக்கு அட்டையை மடித்து வைத்து, பவுடர் போட்டு, காயின் நேராகப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் ஆட்டம். எதிரில் இருப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராகவும் இருக்கட்டும். போர்டு நேராக இருக்க வேண்டும். கேமிலும் நான் கேட்பது இவ்வளவுதான்.

ரிப்பேர் கதையைச் சொல்கிறேன். தேரடி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். முதல் கடையில் ஸ்டிக் மாற்ற ஒன்றுக்கு 900 ரூபாய் கேட்டார்கள், அதுவும் பழைய வகை ஸ்டிக். காந்தத்தை வைத்து வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் ஸ்டிக் இருக்கிறதா என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றார். ஒன்றே இல்லை! அங்கேயே திரும்பிவிட்டேன். அடுத்து ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் அண்ணன். அவரிடம் இரண்டுமே இருந்தன, வித்தியாசத்தையும் அவரே எடுத்துச் சொன்னார். ஹால் எஃபெக்ட், இரண்டு பக்கமும் மாற்ற 1,500. நான் இடது பக்கம் மட்டும் போதும் என்றேன். "இன்னிக்கு லெஃப்ட், அடுத்த மாசம் ரைட்டத் தூக்கிட்டு வருவ, கழட்டுற வேல ஒண்ணுதானேபா" என்றார். அது நியாயமாகப் பட்டது. அப்படியென்றால் 1,000 என்றேன். 1,300க்கு வந்தார். நான் பையை மூடி ஜிப் போட்டேன். 1,200. கேலிபரேஷனும் சேர்த்தா என்றேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். 1,100, கேலிபரேஷன் சேர்த்து! புதுசு வாங்கினால் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். எனக்கு இது பெரிய வெற்றி.

அந்தக் கேலிபரேஷனை லேசாக நினைக்காதீர்கள். ஸ்டிக்கை மாற்றினால் மட்டும் போதாது. புது ஸ்டிக்கின் நடு எது, ஓரம் எது என்று கம்ப்யூட்டரில் செருகி கன்ட்ரோலருக்குச் சொல்லித்தர வேண்டும். இல்லையென்றால் புதுசும் ட்ரிஃப்ட் மாதிரியே நடந்துகொள்ளும். அதைச் செய்து கொடுக்காமல் "மாத்தியாச்சு" என்று அனுப்பிவைக்கும் கடைகள் இருக்கின்றன.

வேலை நடக்கும்போது பக்கத்திலேயே நின்று பார்த்தேன். ஸ்டிக்கின் அடியில் பத்துக்கு மேல் கால்கள், எல்லாம் போர்டில் சால்டர் ஆகியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுத்தார். அவசரப்பட்டு இழுத்தால் போர்டில் இருக்கும் செம்புத் தடமும் கூடவே உரிந்து வந்துவிடும். அப்புறம் பழைய ஸ்டிக்கைத் திறந்து காட்டினார். உள்ளே கரிப் பூச்சுப் பூசிய ஒரு சின்னத் தடம், அதன் மேல் ஒரு உலோக நாக்கு உரசி உரசிப் போகிறது. என் ஸ்டிக்கில் அந்தத் தடத்தின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்து பளபளவென்று இருந்தது, ஓரத்தில் கறுப்புத் தூள். ஹால் எஃபெக்டில் இந்த உரசலே கிடையாது. ஸ்டிக்கோடு ஒரு காந்தம் அசைகிறது, காந்தப்புலம் எவ்வளவு மாறியது என்று சென்சார் தொடாமலே அளக்கிறது. எட்வின் ஹால் 1879இல் கண்டுபிடித்த விஷயம் இது. 1998இல் வந்த செகா ட்ரீம்காஸ்டின் கன்ட்ரோலரிலேயே இருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் தேயும் ஸ்டிக்கைப் போட்டு விற்கிறார்கள் என்பதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. அந்த அண்ணன் முதலில் எந்த ஏரியா என்று கேட்டார். திருவொற்றியூர் என்றதும், "உப்புக் காத்துபா, அதான்" என்றார். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கடலே எட்டாத அம்பத்தூரில் இருக்கும் என் நண்பனுக்கும் இதே கதைதான். தேய்மானம்தான் காரணம்.

சரி, மறுபடி கஷ்டத்துக்கு வருவோம். சில்க்சாங் 2025 செப்டம்பர் 4 அன்று வந்ததிலிருந்து, கேம் இவ்வளவு கஷ்டமாக இருக்க வேண்டுமா என்ற சண்டை ஓயவே இல்லை. அந்த மாதமே ஒரு அப்டேட்டில் ஆரம்பகால பாஸ், அதாவது பெரிய எதிரி, இரண்டு பேரின் பலத்தை லேசாகக் குறைத்தார்கள், அதற்கும் சண்டை. என் கருத்து, பாஸை யாரும் தொட வேண்டாம். லாஸ்ட் ஜட்ஜ் என்ற பாஸ் என்னை எத்தனை தடவை வேண்டுமானாலும் கொல்லட்டும். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் உடம்பு ஒரு அறிகுறி காட்டும், அதைப் படித்துவிட்டால் தப்பிக்கலாம். அது நியாயமான கஷ்டம். ஆனால் செத்த பிறகு, நாம் மறுபடி எழும் பெஞ்சிலிருந்து மணல் காற்றுக்குள் மறுபடி அவ்வளவு தூரம் ஓட வேண்டியிருக்கிறதே, வழியில் பூச்சிகள் பறந்துவந்து குத்துகின்றனவே, அது எனக்கு என்ன கற்றுத்தருகிறது? ஒன்றும் இல்லை. எல்டன் ரிங் கேம் 2022இலேயே இதைப் புரிந்துகொண்டது. நிறைய பாஸ்களுக்குப் பக்கத்திலேயே மாரிகா சிலையை நட்டுவைத்தார்கள். செத்தால் அங்கேயே எழுந்து நேராகச் சண்டைக்குப் போகலாம். அதனால் அதில் வரும் பாஸ் மலேனியா ஈஸி ஆகிவிட்டாளா என்ன?

எல்டன் ரிங்கை ஒரேயடியாகப் புகழவும் மாட்டேன். இப்போது நான் சொல்லும் பாஸ் எதிரி இல்லை, ஆட்டத்தை நடுவில் நிறுத்திவைப்பது. அது அதில் ஒழுங்காகக் கிடையாது. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்தால் அம்மா கூப்பிடுவார், அடுத்த நிமிஷம் குடத்தோடு நான் கீழே நிற்க வேண்டும். எதிரில் நிற்கும் பாஸ் மார்கிட் காத்திருப்பாரா? உதவி மெனுவுக்குள் போய் மெனு விளக்கத்தைத் திறந்தால் ஆட்டம் நிற்கும் என்பதை ஆட்டக்காரர்கள்தான் தோண்டிக் கண்டுபிடித்தார்கள். அதே ஃப்ரம்சாஃப்ட்வேர் 2019இல் செய்த செகிரோவில் சாதாரணமாகவே நிறுத்தலாம். செகிரோ ஈஸியான கேம் என்று எவனாவது சொல்லட்டும் பார்ப்போம்! நிறுத்தும் வசதி கேமை ஈஸி ஆக்குவதில்லை. வீட்டில் நான்கு பேரோடு வாழ்கிறவனையும் ஆட விடுகிறது.

என் மனசுக்கு ரொம்பப் பிடித்தது செலஸ்ட் என்ற கேம், 2018. அதில் மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றில் இருக்கும்போதும் ஏறத்தாழ பத்தில் ஒரு நொடி வரைக்கும் குதிக்கலாம். கயோட்டி டைம் என்பார்கள். தரையில் இறங்குவதற்கு ஒரு கணம் முன்னாலேயே பட்டனை அழுத்தினாலும் அதை நினைவில் வைத்துக் குதிக்கும். ஆடும்போது கண்ணுக்கே தெரியாது, "நான் சரியாத்தானே அழுத்தினேன்" என்று கத்துவது மட்டும் குறைந்துவிடும். மலை அதே உயரம்தான், கையோடு மல்லுக்கட்டுவது இல்லை. அதற்கு மேலும் தேவைப்பட்டால் அசிஸ்ட் மோட் இருக்கிறது, வேகத்தைப் பாதி வரைக்கும் குறைக்கலாம். ஹேடிஸ் என்ற கேமில் காட் மோட் போட்டால் முதலில் 20 சதவீதம் அடி குறையும், ஒவ்வொரு சாவுக்கும் 2 சதவீதம் கூடும், 80இல் நிற்கும். தோற்கத் தோற்கக் கைகொடுக்கும் யோசனை. இதை யோசித்தவர்களைக் கட்டிப்பிடிக்கலாம்.

அந்தத் தம்பிக்கு இன்னும் ஒன்று. டிவி கேம் கேசட்டில் கான்ட்ரா ஆடியவர்கள் எல்லோருக்கும் மேல் மேல் கீழ் கீழ் என்று பட்டன் அழுத்தும் சீட் கோடு தெரியும். அந்தக் கோடு முதலில் வந்தது கிரேடியஸ் என்ற கேமில், 1986. எழுதியவர் கொனாமியின் கசுஹிசா ஹாஷிமோட்டோ. அந்த கேமை ஹோம் கன்சோலுக்கு மாற்றிக்கொண்டிருந்தவருக்கே அது கஷ்டமாக இருந்தது, அதனால் சோதித்துப் பார்க்கப் போட்டுக்கொண்ட கோடு. கேமைச் செய்தவரிடமே போய் கிட் குட் என்று சொல்வீர்களா?

கடைசியாக ஒரு மாற்றம். சட்டென்று பாயும் டேஷை ட்ரிகரிலிருந்து எடுத்து அதற்கு மேலே இருக்கும் பட்டனில் வைத்திருக்கிறேன். ட்ரிகர் அழுந்த தூரம் அதிகம், மேல் பட்டன் தொட்டதும் டக்கென்று கேட்கிறது. சில்க்சாங் ஆடுபவர்கள் டேஷை எந்த பட்டனில் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். சனிக்கிழமை ராத்திரி லைவில் லாஸ்ட் ஜட்ஜைப் பார்த்துவிடுவோம். செத்தாலும் அது வெடிக்கும், அதனால் விழுந்ததும் கிட்டே போகாதீர்கள்.