கெத்தும் நீர் குடித்தால் ஹெராயின் விடுமா?

நேயர்களுக்கு வணக்கம். ஹெராயினை விட நினைப்பவர்களுக்கு இயற்கை மருந்து உண்டா என்று கேட்டால், மலேசியாவின் கெடா, பெர்லிஸ் பக்கம் பலர் தயங்காமல் சொல்லும் பதில் கெத்தும் நீர், அதாவது கெத்தும் என்னும் மரத்தின் இலையைக் காய்ச்சிய நீர். இது புதிய நம்பிக்கையன்று. இந்நாட்டில் ரப்பர் பயிர் பரவக் காரணமாயிருந்த ஹென்றி ரிட்லி அபின் பழக்கத்துக்கு இந்த இலை மருந்தாகப் பயன்படுவதை 1897-லேயே குறித்திருக்கிறார்.

ஹெராயினை நிறுத்திய 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி தொடங்கும். தூக்கம் வராமலே அடுத்தடுத்து வரும் கொட்டாவி அது. பிறகு கண்ணும் மூக்கும் ஒழுகும், உடம்பு புல்லரிக்கும், வயிறு கலங்கிப் பேதியாகும், கால்கள் இருப்புக்கொள்ளாமல் உதறும். இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை எட்டும் இந்த அவதி பெரும்பாலும் ஒரு வாரத்தில் தணியும்.

அந்த நாட்களில் கெத்தும் இலையைக் காய்ச்சிய கசப்பு நீர் நோவைக் குறைக்கிறது என்று குடித்தவர்கள் சொல்வது பொய்யன்று. அந்த இலையிலுள்ள மித்ராஜினைன் என்னும் வேதிப்பொருள், மூளையில் மார்ஃபின் (ஹெராயின் உடம்புக்குள் போனதும் மாறும் பொருள்) சென்று பற்றும் அதே இடங்களைத்தான் பற்றுகிறது. நோவு தணிவதற்கும், பின்னர் கெத்துமையே விட முடியாமல் போவதற்கும் காரணம் இந்த ஒன்றுதான். தாய்லாந்து 2021-ல் தடையை நீக்கிவிட்டாலும், இங்கே அது 1952-ஆம் ஆண்டின் நச்சுப்பொருள் சட்டத்துக்கு உட்பட்டது என்பதையும் மறக்க வேண்டாம்.

"கெமிக்கல் வேண்டாம்" என்று, ஹெராயினுக்கு மாற்றாகத் தரப்படும் மருந்தான மெத்தடோனை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. அபினும் கசகசாச் செடியின் பால்தானே! சிகிச்சைக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான பியூப்ரனார்ஃபினும் அதே செடிவகையிலிருந்து கிடைக்கும் தீபெயின் என்னும் பொருளைக் கொண்டு செய்யப்படுவதுதான். ஆகவே, இயற்கையா செயற்கையா என்பதைவிட, உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்பது தெரிகிறதா என்றே கேட்க வேண்டும். மரத்துக்கு மரம், காய்ச்சும் பக்குவத்துக்குப் பக்குவம் கெத்தும் நீரின் வீரியம் மாறும். அதில் இருமல் மருந்தைக் கலப்பவர்களும் உண்டு. 2005 முதல் அரசாங்கத் திட்டத்தில் வழங்கப்படும் மெத்தடோனோ மில்லிகிராம் கணக்கில் அளந்து தரப்படுகிறது.

வீட்டு வைத்தியத்துக்கும் இடமுண்டு. பேதியாலும் வாந்தியாலும் நீரிழப்பு ஏற்படுவதால், உப்பிட்ட கஞ்சியும் இளநீரும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். குமட்டலுக்கு இஞ்சி கொதிக்க வைத்த நீரும், கால் குடைச்சலுக்கு வெந்நீர்க் குளியலும் ஆறுதல் தரும். இவை அந்த வாரத்தைக் கடக்க உதவுமே தவிர, ஹெராயின் மீதுள்ள ஏக்கத்தைத் தொடுவதில்லை.

வீட்டார் மிகவும் அஞ்ச வேண்டியது அதற்குப் பின்வரும் நாட்களைத்தான். சில நாட்கள் நிறுத்தியதுமே உடம்பின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. பழைய அளவையே மீண்டும் எடுத்தால் மூச்சு நின்றுபோகலாம். உதடு நீலம் பாய்ந்து, குறட்டைபோல் மூச்சிழுத்து, தட்டியும் எழாமல் கிடந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் உடனே 999-ஐ அழையுங்கள்.