ஒரே தை மாதத்துக்கு நாலு வருஷம்

நேயர்களுக்கு வணக்கம். பழைய பத்திரங்களைப் படித்துச் சொல்வது எனக்குப் பல வருஷப் பழக்கம். அதனால்தான் ஆவணக் காப்பகங்களை இணையத்தில் ஒரே வலையாகக் கோப்பதைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நம் திருநெல்வேலிச் சீமையின் காகிதங்கள் எங்கெங்கே கிடக்கின்றன என்று பாருங்கள். கலெக்டர் கச்சேரியின் பழைய கட்டுகள் சென்னை எழும்பூரில். கிழக்கிந்தியக் கும்பெனியின் பதிவுகள் லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தில். இடையன்குடி கால்டுவெல் வேலை பார்த்த எஸ்.பி.ஜி. என்ற இங்கிலாந்து மிஷனின் தாள்கள் ஆக்ஸ்போர்டில். தூத்துக்குடியில் கடை விரித்த டச்சுக்காரர்களின் பதிவுகள் ஹேக் நகரத்தில். இது போக, வீட்டுப் பரணில் இருக்கும் தகரப் பெட்டிகள்.

வலை என்றதும் எல்லாக் கட்டையும் ஒரே இடத்துக்கு வாரிக்கொண்டு போவார்களோ என்று பயப்பட வேண்டாம். கட்டு அவரவரிடமே இருக்கும். எந்த அலுவலகத்தில் உண்டானது, எந்த வருஷம், என்ன விஷயம் என்ற விவரக் குறிப்பை மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி எழுதித் தரவேண்டும். பொதுத் தளம் அந்தக் குறிப்புகளைத் திரட்டிக் காட்டும். ஐரோப்பாவின் காப்பகங்களுக்கு இப்படி ஒரு பொது வாசல் இருக்கிறது. டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகமும் 2015இல் ‘அபிலேக் படல்’ என்று தன் தளத்தைத் திறந்தது.

சரி, ஒரே மாதிரி எழுதுவது அவ்வளவு லேசா? நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். ஒரு முறை பட்டியல் போடும்போது, கிரயப் பத்திரம் ஒன்றில் ‘1068 தை’ என்று இருந்தது. தூக்கக் கலக்கத்தில் அப்படியே ஆண்டுக் கட்டத்தில் தட்டிவிட்டேன். கம்ப்யூட்டர் அதைச் சோழர் காலத்தில் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது! அது கொல்லம் ஆண்டு, மலையாளத்தார் கணக்கு. நம் பக்கத்துப் பத்திரங்களில் சர்வசாதாரணம். ஆவணியில் பிறக்கும், இங்கிலீஷ் வருஷம் வர மார்கழி நடுவரை 824 கூட்டவேண்டும், அப்புறம் 825. ஆக, அது 1893. அதே தை மாதம், ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்தின் கணக்கில் பசலி என்ற வரி வருஷம் 1302, பஞ்சாங்கத்தில் நந்தன வருஷம். ஒரு மாதத்துக்கு நாலு வருஷம்.

ஊர்ப் பேரும் இதே கதைதான். திருநெல்வேலி என்று தேடினால், வெள்ளைக்காரன் எழுதிய ‘டின்னவெல்லி’ கட்டு வராது. தூத்துக்குடி 1986இலும் தென்காசி 2019இலும் தனி மாவட்டங்களாயின; அவற்றின் பழைய தாள்களோ நெல்லைக் கணக்கில்தான் கிடக்கும். ஆகவே, பழைய பேர், புதுப் பேர், எழுத்து வேறுபாடு எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதுப் பேர்ப்பட்டியல் முதலில் வேண்டும். ஸ்கேனர் வாங்கப் பணம் ஒதுக்குகிறார்கள்; இதற்கு யாரும் ஒதுக்கி நான் பார்த்ததில்லை. பசலி தெரிந்த பழைய கணக்குப்பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். அவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அந்த 1068ஐத் திருத்தியாயிற்று. திருத்தப் போன இடத்தில், அதே கட்டில் நான் போட்ட தப்பு இன்னும் பதினொன்று இருந்தது.