பாட்டும் விளம்பரமும் கைநூலும்: ஒருவர் மூன்று தொழில் செய்யும் கணக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

மருதனார்மடத்தில் இசை படித்து வெளியே வருகிற பிள்ளைகளும், வட இலங்கை சங்கீத சபையின் ஆசிரியர் தரம் வரை ஏறிய பிள்ளைகளும் யாழ்ப்பாணத்தில் ஏராளம். ஆசிரியர் நியமனம் வரும்வரை காத்திருப்பது ஒரு வழி. கொஞ்சம் ஆங்கிலமும் கணினியும் கைவந்தவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. கச்சேரியும் வகுப்பும் ஒரு பக்கம், உள்ளூர்க் கடைகளுக்கு விளம்பர வேலை ஒரு பக்கம், வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்களுக்குப் பயனர் கைநூல் எழுதுவது இன்னொரு பக்கம். மூன்றையும் யாரிடமும் சம்பளத்துக்கு நில்லாமல் செய்வது. இன்றைய உரை அதைப் பற்றியது.

"மூன்று தோணியில் கால் வைக்கிறாய்" என்று வீட்டில் சொல்வார்கள். திறமை அளவில் அந்தப் பயத்துக்கு இடமில்லை. பாட்டுக்காரருக்குக் காது இருக்கிறது, அந்தக் காது விளம்பரத்துக்கு உதவும். விளம்பரம் எழுதியவருக்குச் சுருக்கிச் சொல்லத் தெரியும், அது கைநூலுக்கு உதவும். மோதல் வருவது நாட்காட்டியில். ஆகவே முதலில் வாங்க வேண்டியது நல்ல மைக் அல்ல, ஒரு பஞ்சாங்கம்.

அதை விரித்து வைத்துப் பாருங்கள். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும். அமாவாசை கழிந்த ஆறாம் நாள் நல்லூரில் கொடியேறும், 25 நாள். அதை ஒட்டிச் சந்நிதி, தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன், புரட்டாதியில் வல்லிபுரம். நாதஸ்வரம், தவில், பக்கவாத்தியம், பண்ணிசை என்று எந்தப் பக்கம் இருந்தாலும் இந்த மாதங்களில் இரவு உங்கள் கையில் இராது. ஆடியில் கலியாணம் இல்லை, ஆனால் கோயில் இருக்கிறது. ஆவணி பிறந்தால் முகூர்த்தமும் சேர்ந்துகொள்ளும். பள்ளி விடுமுறைக்குக் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் அரங்கேற்றம், பிறந்தநாள், வீடு குடிபுகல் எல்லாவற்றையும் அந்த ஆறேழு கிழமைக்குள்தான் வைப்பார்கள். அதிர்ஷ்டவசமாக ஐரோப்பிய நிறுவனங்களில் பாதிப்பேர் ஆகஸ்டில் லீவு. அந்த மாதத்தில் பெரிய கைநூல் வேலை எடுக்காமல் விட்டால் நட்டம் குறைவு.

மார்கழிதான் பொல்லாத மாதம். முகூர்த்தம் இல்லை. திருவெம்பாவைக்குப் பாடப் போவது பக்திக்காக, அதில் வருமானம் பார்க்க முடியாது. டிசம்பர் 20 தாண்டினால் வெளிநாட்டு நிறுவனங்களும் நத்தாருக்குப் படுத்துவிடும், ஜனவரி இரண்டாம் கிழமைதான் எழும்பும். இரண்டு வாய்க்காலும் ஒரே நேரத்தில் வற்றுகிற காலம் அது. கடைகளின் விளம்பர வேலை மட்டும் தைப்பொங்கலை நோக்கி அப்போது சூடாகும். மூன்றாவது தொழில் எதற்கு என்ற கேள்விக்கு இந்த ஒரு மாதமே போதுமான பதில். அப்படியிருந்தும் இரண்டு மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டே மார்கழிக்குள் போகவேண்டும்.

மூன்றில் எது அத்திவாரம் என்று தீர்மானிக்கவும் வேண்டும். என் கருத்தில் அது தொழில்நுட்ப எழுத்து. மழையோ முகூர்த்தமோ அதைப் பெரிதாகத் தொடாது. பணமும் டொலரில் வரும். எங்கள் ஊரில் பலருக்கு இப்படி ஒரு தொழில் இருப்பதே தெரியாது என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு கருவியை அல்லது மென்பொருளை வாங்கியவர் அதைப் பாவிக்க வேண்டிய படிகளைப் பிழையில்லாமல், குழப்பமில்லாமல் எழுதிக் கொடுப்பதே தொழில்நுட்ப எழுத்து. அழகான நடை இங்கே யாருக்கும் தேவையில்லை. ஒரு உதாரணம் பாருங்கள். கணினியில் ஒலிப்பதிவு செய்ய உதவும் ஒரு சின்னப் பெட்டிக்குக் கைநூல் எழுதுகிறீர்கள். கண்டென்சர், ரிப்பன் என்பவை இரண்டு வகை மைக். 48 வோல்ற் என்பது கண்டென்சர் மைக் இயங்கப் பெட்டி கொடுக்கும் மின். கெயின் என்பது உள்ளே வரும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் அளவு. பொறியியலாளர் அனுப்பிய குறிப்பு இப்படி இருக்கும்: "கண்டென்சர் மைக்கைச் செருகி 48 வோல்ற் பொத்தானை அழுத்திக் கெயினைக் கூட்டலாம், ஆனால் ரிப்பன் மைக் என்றால் 48 வோல்ற் போட்டால் பழுதாகலாம்." வாசிப்பவர் அந்த 'ஆனால்' வரைக்கும் வருவதற்குள் பொத்தானை அழுத்திவிடுவார். ஆகவே எச்சரிக்கை முதலில் வரவேண்டும்: "ரிப்பன் மைக்குக்கு 48 வோல்ற் கொடுக்க வேண்டாம், பழுதாகலாம்." அதன் பிறகு படிகள். ஒன்று, 48 வோல்ற்றை நிறுத்தவும். இரண்டு, கெயினை முழுதாகக் குறைக்கவும். மூன்று, மைக்கைச் செருகவும். நான்கு, கண்டென்சர் மைக் என்றால் மட்டும் 48 வோல்ற்றைப் போடவும். ஐந்து, பாடிக்கொண்டே கெயினை மெல்லக் கூட்டவும். ஒரு படிக்கு ஒரு செயல். விமானத்துறையில் பிறந்த எளிமையாக்கிய தொழில்நுட்ப ஆங்கிலம் என்ற நியமம், செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக்கூடாது என்கிறது. வேறு துறைக்கு எழுதினாலும் அந்த அளவுகோலைக் கையில் வைத்திருங்கள்.

இதில் இசைக்காரருக்கு ஒரு சலுகை உண்டு. கெயின் கூடினால் ஒலி எப்படிச் சிதறும் என்று மற்ற எழுத்தாளர் தேடி வாசிக்க வேண்டும். உங்களுக்குக் காதிலேயே தெரியும். ஆகவே வங்கி மென்பொருள், மருத்துவ மென்பொருள் என்று ஓடாமல், ஒலிக்கருவி, இசை மென்பொருள், ஒலிபரப்புத் துறை என்ற பக்கம் நில்லுங்கள். அங்கே போட்டி குறைவு.

தொடங்க, நிறுவனங்களுக்குக் காட்டும் மூன்று எழுத்து மாதிரிகள் போதும். ஒலிப்பதிவுக்கான ஓடாசிற்றி, இசைக்குறியீடு எழுதும் மியூஸ்ஸ்கோர் இரண்டும் திறந்த மூல மென்பொருள்கள். அவற்றில் ஒரு வேலையை, தம்புரா ஒலியைத் தனித் தடத்தில் பதிந்து பாட்டோடு கலப்பதை எடுத்துக்கொள்ளுங்களேன், படிப்படியாக எழுதுங்கள். அடுத்தது, ஒரு பிழைச் செய்தி ஏன் வருகிறது, எப்படித் தீர்ப்பது என்று ஒரு பக்கம். மூன்றாவது, நிரலாளர்களுக்கான ஒரு சிறு விளக்கம். சின்னக் குறிகளால் தலைப்பும் பட்டியலும் அமைக்கும் மார்க்டவுன் என்ற முறை ஒரு பின்னேரத்தில் பிடிபடும். கோப்பில் செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து காக்கும் கிற் என்ற முறைக்கு இரண்டு கிழமை வேண்டும். கூகிள், மைக்ரோசொப்ட் இரண்டும் தங்கள் எழுத்து நடைக் கையேட்டை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. இரண்டையும் கலக்காமல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எழுதிவிடுமே என்பீர்கள். முதல் வரைவை எழுதும், உண்மைதான். ஆனால் இல்லாத பொத்தானையும் இருப்பதாக எழுதும். கருவியை மேசையில் வைத்து ஒவ்வொரு படியாக அழுத்திப் பார்க்கிறவருக்குத்தான் இனிக் காசு.

இந்த வேலையில் ஆட்கள் இடறும் இடம் நேரக் கணக்கு. புதிய கைநூலுக்கு ஒரு பக்கத்துக்கு 4 முதல் 6 மணித்தியாலம் என்பது துறையில் நெடுநாளாக உள்ள மதிப்பீடு. எழுதுவதற்கு மட்டுமல்ல, பொறியியலாளரிடம் கேட்பது, கருவியைச் சோதிப்பது, படம் பிடிப்பது, திருத்துவது எல்லாம் அதற்குள் அடக்கம். 30 பக்கம் என்றால் நடுத்தரமாக 150 மணித்தியாலம். புதியவர்கள் 40 மணித்தியாலம் என்று சொல்லி மாட்டிக்கொள்வார்கள். அடுத்தது திருத்தச் சுற்று. இரண்டு சுற்று விலைக்குள் அடங்கும், மூன்றாவதுக்குத் தனிக் கட்டணம், நிறுவனம் ஐந்து வேலைநாளுக்குள் கருத்துச் சொல்ல வேண்டும் என்று முதலே எழுதிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆனியில் அனுப்பிய வரைவுக்குப் பதில் நல்லூர்த் தேரன்று காலையில் வந்து நிற்கும்.

விளம்பர வேலைக்கு வருவோம். கஸ்தூரியார் வீதி நகைக்கடைக்கும், கலியாண மண்டபத்துக்கும், ரியூசன் நிலையத்துக்கும் பேஸ்புக் பக்கம் நடத்துவது இப்போது எல்லாரும் செய்வது. உங்களிடம் மட்டும் இருப்பது ஒலி. வணிகப் பக்கங்கள் சினிமாப் பாட்டைப் பின்னணியில் போட்டால் பேஸ்புக் ஒலியை அடைத்துவிடும், சிலவேளை பதிவையே எடுத்துவிடும். தனியாள் கணக்கில் கிடைக்கிற பாட்டு வணிகக் கணக்கில் கிடைக்காது. அந்தக் கடைக்கு நீங்களே மெட்டமைத்து 30 செக்கன் ஒலித்துண்டு கொடுத்தால் அந்தத் தலையிடி இல்லை. தமிழில் நிதானமாகச் சொன்னால் 30 செக்கனுக்கு 45 சொல் அளவு. அதில் கடையின் பெயர் இரண்டு தரம், இடம் ஒரு தரம். தொலைபேசி இலக்கத்தை ஒலியில் சொல்லாதீர்கள், ஒருவரும் எழுதி எடுப்பதில்லை, திரையில் காட்டினால் போதும்.

மாதக் கட்டணத்தில் எத்தனை பதிவு, எத்தனை காணொளி என்று எண்ணிச் சொல்லுங்கள். விளம்பரத்துக்கான காசைக் கடைக்காரரின் அட்டையிலிருந்தே கட்டச் செய்யுங்கள். உங்கள் அட்டையில் கட்டிவிட்டுப் பின்னால் கேட்டுக்கொண்டு திரிவது சிநேகிதத்தையும் கெடுக்கும். காசு கட்டிப் பதிவைப் பரப்பும் பூஸ்ட் பொத்தானை அழுத்தி விருப்பக்குறி சேர்ப்பதில் பலன் குறைவு. எத்தனை பேர் வட்ஸ்அப்பில் விலை கேட்டார்கள் என்பதே கடைக்காரருக்குப் புரிகிற கணக்கு. மூன்று கடைக்கு மேல் எடுக்க வேண்டாம் என்பேன். நான்காவது கடை உங்கள் பாட்டுச் சாதகத்தைத்தான் தின்னும்.

இசையில் ஒழுங்கான வருமானம் தருவது புலம்பெயர் பிள்ளைகளுக்கான இணைய வகுப்பு. சூம் செயலி பேச்சுக்கென்று செய்யப்பட்டது. தம்புராவை இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடும். அமைப்பில் இசைக்கலைஞர்களுக்கான அசல் ஒலி என்று ஒரு தெரிவு இருக்கிறது, அதைப் போட்டு இரைச்சல் நீக்கியை நிறுத்துங்கள். இரு பக்கமும் ஹெட்போன் அணியவேண்டும். ஒலி போய்ச்சேரத் தாமதம் இருப்பதால் இரண்டு பேரும் சேர்ந்து தாளத்தில் பாடமுடியாது. நீங்கள் பாடி நிறுத்த, பிள்ளை தன் பக்கச் சுருதியோடு திருப்பிப் பாடவேண்டும்.

நேரம் வைப்பதில் ஒரு பொறி உண்டு. சனிக்கிழமை லண்டன் பிள்ளைக்கு அங்கே பிற்பகல் 2 மணி, ரொறன்ரோ பிள்ளைக்கு அங்கே காலை 10 மணி என்று வைத்தால், குளிர்காலத்தில் எங்களுக்கு இரவு 7.30, 8.30. கோடையில் 6.30, 7.30. வடிவாக ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஆனால் ரொறன்ரோவில் மணிக்கூட்டை மாற்றுவது மார்ச் இரண்டாம் ஞாயிறு, பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு. இடைப்பட்ட கிழமைகளில் இரண்டு பிள்ளைகளும் 7.30க்கே வந்து நிற்பார்கள். ஒக்டோபர் கடைசி ஞாயிறுக்கும் நவம்பர் முதல் ஞாயிறுக்கும் இடையிலும் அதே கூத்து. பெற்றோருக்கு முன்கூட்டியே ஒரு செய்தி போட்டால் முடிந்தது.

ஒலிப்பதிவுக்கு வீட்டில் ஒரு அறை போதும். உடுப்பு அலுமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே நின்று பாடினால் எதிரொலி குறையும். மைக் வாயிலிருந்து ஒரு சாண், சற்றுப் பக்கவாட்டில். மின்விசிறி நிற்கவேண்டும். திருவிழாக் காலத்தில் விடியக் காலையே ஒலிபெருக்கி தொடங்கிவிடும், பகலில் காகம். இரவு பத்துக்குப் பிறகுதான் சுத்தமான ஒலி கிடைக்கும். மிருதங்கப் பதிவை மாரி தொடங்கமுன் முடித்துவிடுங்கள். ஈரக்காற்றில் தோல் இளகிச் சுருதி நில்லாது. இணையத்துக்குக் கம்பி இணைப்போடு ஒரு போன் டேற்றாவும், ரவுற்றருக்கு ஒரு சிறு மின்கலக் காப்பும் வேண்டும்.

இனிக் காசு. கிழமைக்கு 40 மணித்தியாலம் உழைத்தாலும் காசு கேட்கக்கூடியது 22, 23 மணித்தியாலம்தான். மிச்சம் கடிதம், கொட்டேசன், சாதகம், பயணம். மாதம் 150,000 ரூபா தேவை, 90 மணித்தியாலம் விற்கமுடியும் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 1,667 ரூபா வரும். வரி, வருத்தம், மார்கழி மூன்றையும் சேர்த்தால் 2,200க்குக் கீழே இறங்கக்கூடாது. கச்சேரிக்கு அச்சாரம் பாதி, திகதி குறிக்கும்போதே. கைநூலுக்கு மூன்றில் ஒன்று முன்பணம். வெளிநாட்டுப் பணம் நேரே வங்கிக்கு வந்தால் இடையிலுள்ள வங்கி கொஞ்சம் வெட்டிக்கொள்ளும். அந்தக் கழிவு அனுப்புபவருடையது என்று இன்வொய்ஸிலேயே எழுதுங்கள்.

உரிமையையும் எழுத்தில் வையுங்கள். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி உங்கள் மெட்டின் பொருளாதார உரிமை கைமாற, கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். கடைக்காரருக்கு முழு உரிமையையும் விற்கத் தேவையில்லை. ஒரு வருடம், இலங்கைக்குள், இணையத்திலும் வானொலியிலும் என்று வரையறுத்து அனுமதி கொடுத்தால், அடுத்த வருடம் திரும்பவும் காசு கேட்கலாம்.

வரிக்கு முதல் நாளிலிருந்தே இரண்டு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல், வெளிநாட்டுக்குச் செய்த சேவைக்கு வெளிநாட்டு நாணயத்தில் வங்கி ஊடாக வரும் வருமானத்துக்கு உச்ச வீதம் 15 சதவீதம். கச்சேரியும் கடை விளம்பரமும் உள்ளூர் வருமானம், அவை வழமையான படிநிலை வீதத்துக்குள் வரும். ஆண்டு விலக்கு 18 இலட்சம் ரூபா. பணம் வந்த ஒவ்வொரு தடவையும் வங்கி தரும் பத்திரத்தை இன்வொய்ஸோடு சேர்த்துக் குத்திவையுங்கள். அது இல்லாவிட்டால் டொலரில் வந்த காசு என்று காட்டுவது கடினம். நரம்பு, மைக், இணையக் கட்டணம், கச்சேரிக்குப் போன வாகனக் கூலி ஆகியவற்றின் பற்றுச்சீட்டுகளும் அந்தந்தக் கொப்பியோடு இருக்கட்டும். காலாண்டுத் தவணைகள் ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. ஆண்டு விபரத்திரட்டுக்குக் கடைசி நாள் நவம்பர் 30. ஆகஸ்ட் தவணை பெரும்பாலும் திருவிழா அமளிக்குள் வந்து விழும். அதை ஆடி பிறந்ததுமே கட்டிவிடுங்கள்.

வணக்கம்.