இயேசு இறந்தது எல்லாருக்குமா, சிலருக்கு மட்டுமா? பெட்டிக்குள் ஒளிந்து தப்பித்த வக்கீல்!

வணக்கமுங்க, கோயம்புத்தூரிலிருந்து பேசுகிறேன். ஹூகோ கிரோஷியஸ். சர்வதேசச் சட்டத்தின் தந்தை என்று பேர் வாங்கிய டச்சு வக்கீல். இவர் 1621-ல் ஒரு மரப்பெட்டிக்குள் முடங்கிப் படுத்து ஆயுள் தண்டனையிலிருந்து தப்பினார். அவரைச் சிறையில் தள்ளியதில் ஒரு இறையியல் சண்டைக்கும் பெரிய பங்கு உண்டு. பெட்டி கடைசியில் வரும், ஓட்டிப் பார்க்காதீர்கள்.

முதலில் பின்னணி, சட்டென்று முடித்துவிடலாம். மனிதன் பாவம் செய்தான், கடவுளோடு இருந்த உறவு முறிந்தது, இயேசுவின் சாவு அதைச் சரிசெய்தது. இதுதான் பாவநிவிர்த்தி. எப்படிச் சரிசெய்தது? இங்கேதான் ஆளுக்கொரு பதில். 4-ஆம் நூற்றாண்டில் நிஸா ஊர் கிரகோரி தூண்டில் கதை சொன்னார்: உடம்பு இரை, உள்ளே ஒளிந்திருந்த தெய்வத்தன்மை முள், சாத்தான் கவ்வி மாட்டிக்கொண்டான். 1098 வாக்கில் ஆன்செல்ம், ‘சாத்தானுக்கு நாம் எதுவும் பாக்கி இல்லை, கடவுளின் மாண்புக்குத்தான் பாக்கி’ என்றார். அபெலார்ட், சிலுவையில் தெரியும் அன்பைப் பார்த்து நம் மனசு இளகுவதைப் பேசினார். சட்டம் படித்த சீர்திருத்தக்காரர் கால்வினுக்கோ, நமக்கு வரவேண்டிய தண்டனையை இயேசு வாங்கிக்கொண்டதுதான் முக்கியம்.

நம் வக்கீல் 1617-ல் இதே விஷயத்துக்குத் தனிப் புத்தகமே எழுதினார். கடவுளைக் கடன்காரராகப் பார்க்காதே, நாடாளுகிறவராகப் பார். அவர் மன்னிக்கலாம். ஆனால் சும்மா விட்டால் சட்டத்துக்கு என்ன மரியாதை? அந்த மரியாதையைக் காத்துக்கொண்டே மன்னிக்கத்தான் சிலுவை. வக்கீலுக்குக் கடவுளும் கோர்ட்டில்தான் தெரிகிறார்!

[திரையில்: வாழை இலை, பந்தி]

சரி, இப்போது அசல் சண்டை. சிலுவை யாருக்காக? டச்சு இறையியலாளர் அர்மீனியஸ் இறந்த மறுவருடம், 1610-ல், அவர் கட்சிக்காரர்கள் ‘எல்லாருக்காகவும்’ என்று மனு எழுதினார்கள். 1618 நவம்பரில் டார்ட் நகரத்தில் கூடிய திருச்சபை மாமன்றம் ‘தெரிந்துகொள்ளப்பட்டவர்களுக்காக’, அதாவது கடவுள் முன்பே தேர்ந்தெடுத்தவர்களுக்காக, என்று தீர்ப்புச் சொன்னது. நம் பக்கத்துக் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். சமைத்தது ஊருக்கே போதும், அதை டார்ட்டும் மறுக்கவில்லை. அந்தச் சாவு முழு உலகத்தின் பாவத்துக்கும் போதும் என்று எழுதியே வைத்தார்கள். தகராறு இலையைப் பற்றி. அர்மீனியஸ் கட்சி: ஊரையே அழைத்தாயிற்று, வந்து உட்காருகிறவருக்குச் சாப்பாடு. டார்ட் கட்சி: பேர் எழுதித்தான் இலை போட்டிருக்கிறது, பேர் உள்ளவர் தவறாமல் வந்து உட்காருவார், கையைப் பிடித்துக் கூட்டிவருவதும் வீட்டுக்காரரே. மொய் எழுத வேண்டியதில்லை என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒரே கருத்து!

வசனமும் இரண்டு பக்கமும் இருக்கிறது. ‘ஆடுகளுக்காக என் ஜீவனையும் கொடுக்கிறேன்’ என்று இயேசு சொன்னதைக் காட்டுவார் டார்ட்காரர். ‘நம்முடைய பாவங்களை மாத்திரம் அல்ல, சர்வலோகத்தின் பாவங்களையும்’ என்று யோவானின் முதல் நிருபத்தைத் தூக்கிக் காட்டுவார் அடுத்தவர். என் ஓட்டு இரண்டாவதுக்கு. ‘சர்வலோகம்’ என்பதைச் சுருக்க ரொம்பவே மெனக்கெட வேண்டியிருக்கிறது.

இதில் அரசியலும் புகுந்தது. மாமன்றத்தின் தீர்ப்பு வெளியான சில நாளில், 1619 மே 13, அர்மீனியஸ் கட்சிக்கு ஆதரவாக நின்ற மூத்த தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையை வெட்டினார்கள். குற்றச்சாட்டு தேசத்துரோகம். வயது எழுபதைத் தாண்டியவர். அவர் கூட்டாளி கிரோஷியஸுக்கு லூவஸ்டைன் கோட்டையில் ஆயுள் சிறை.

இப்போது பெட்டி! அவர் படிக்கப் புத்தகங்கள் ஒரு பெட்டியில் வரும், போகும். ஆரம்பத்தில் திறந்து பார்த்த காவலர்கள் நாளடைவில் அலுத்துவிட்டார்கள். மனைவி மரியா இதைக் கவனித்தார். கணவரைப் பெட்டிக்குள் அசையாமல் படுத்துப் பழகவைத்தார். 1621 மார்ச் 22, பெட்டி வெளியே போகிறது. ‘என்ன இவ்வளவு கனம், உள்ளே அர்மீனியஸ்காரன் இருக்கிறானா?’ என்று ஒரு சிப்பாய் கேட்டதாகவும், ‘அர்மீனியஸ்காரர் புத்தகங்கள்தான்’ என்று மரியா சொன்னதாகவும் ஒரு கதை. கூடவே போன பணிப்பெண் எல்ஸ்யே முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. வெளியே வந்தவர் கொத்தனார் வேஷத்தில் ஆன்ட்வெர்ப்புக்குத் தப்பினார். ‘அந்தப் பெட்டி எங்களிடம்தான்’ என்று இன்றைக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் சொல்கின்றன. கணவர் இறையியல் எழுதினார், தப்பிக்கும் புத்தி மரியாவுடையது. ஒரு லைக் போடுவதானால் அந்த அம்மாவுக்குப் போடுங்கள்.

நம் ஊருக்கு என்ன சம்பந்தம்? 1830-ல் கோவைக்கு வந்த லண்டன் மிஷனும், ஈரோட்டில் பிரப் ரோட்டுக்குப் பேர் கொடுத்த பிரப் பாதிரியாரின் ஊழியமும் கால்வின் வழியில் வேர்விட்ட சபை மரபு. இங்கிலாந்துப் போதகர் வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளோ ‘எல்லாருக்கும்’ கட்சி. 1947 செப்டம்பர் 27-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கரோடு இந்த இரண்டு மரபுகளும் அதே சபையில் சேர்ந்துவிட்டன. தலை வெட்டுகிற அளவுக்குப் போன சண்டைக்காரர்களின் வாரிசுகள் ஒரே பெஞ்சில்!

உங்கள் ஊர் ஆயர் எந்தக் கட்சி? கேட்டுவிட்டுக் கமெண்டில் எழுதுங்கள். ஆராதனை முடிந்த பிறகு கேளுங்க, பிரசங்கத்துக்கு நடுவில் வேண்டாமுங்க.