‘ஹோலி மோட்டார்ஸ்’: செத்தவர் எழுந்து பெயர் கேட்கும் காட்சி

[திரையில்: பாரிஸ் தெருவில் ஊர்ந்து போகும் நீளமான வெள்ளைக் கார்]

வணக்கம். ‘ஹோலி மோட்டார்ஸ்’ பார்த்த அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. படம் புரியாமல் போனதால் இல்லை, ஒரு காட்சி நெஞ்சை விட்டுப் போகவே மாட்டேன் என்றது. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முக்கியமான காட்சிகளையெல்லாம் சொல்லிவிடுவேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2012-இல் கான் திரைப்பட விழாவில் போட்டியிட்ட பிரெஞ்சுப் படம். இயக்கியவர் லியோஸ் காராக்ஸ். 1999-க்குப் பிறகு அவர் எடுத்த முதல் முழுநீளப் படம் இதுதான். கதை? ஆஸ்கார் என்பவர் காலையிலிருந்து இரவு வரை காரிலேயே பாரிஸைச் சுற்றுகிறார். பின்பக்கம் விளக்கு பதித்த கண்ணாடி, விக், ஒப்பனைச் சாமான். ஓரிடத்தில் கூனிக் குறுகிய பிச்சைக்காரியாக இறங்குவார், இன்னோர் இடத்தில் மகளைக் கடிந்துகொள்ளும் அப்பாவாக. ஆஸ்காராக நடிக்கும் டெனி லவான் ஒருவருக்கே 11 வேடம். இந்த வேடங்களுக்கு அவரை யார் அனுப்புகிறார்கள், யாருக்காக? கேமராவே எங்கும் தெரியாது.

கல்லறைத் தோட்டத்துக் காட்சியில் பூக்களைத் தின்றுகொண்டே வருபவர் (அதுவும் ஆஸ்கார் வேடம்தான்), ஒரு பெண்ணின் விரலைக் கடித்துத் துப்புவார். எனக்கும் குமட்டியது. தயவுசெய்து அங்கே நிறுத்திவிடாதீர்கள்.

[திரையில்: மங்கிய விளக்கொளியில் ஒரு கட்டில்]

ஹோட்டல் அறை. சாகக் கிடக்கும் கிழவராக ஆஸ்கார். கட்டிலில் ஒரு நாய். அண்ணன் மகளோ தங்கை மகளோ, ஒரு பெண் அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். மெல்லப் பேசுகிறார்கள், மூச்சு நிற்கிறது. அவள் தேம்புகிறாள், நானும் அழுதுவிட்டேன். சரி, முடிந்தது என்று நினைக்கும்போது, செத்தவர் அவளை மெதுவாக விலக்கிவிட்டு எழுந்திருக்கிறார். அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்டதாம். அவளுக்கும் வேறு வேலை இருக்கிறதாம். அவளும் வேடம் கட்டி வந்தவள்தான்! போகிற போக்கில் அவள் பெயரைக் கேட்கிறார். எலீஸ் என்கிறாள்.

பொய் என்று தெரிந்த பிறகும் என் துக்கம் குறையவில்லை. அந்த இரண்டு பேரும் அவ்வளவு உண்மையாக அழுதிருக்கிறார்கள், பார்க்க ஓர் ஆள்கூட இல்லாத அறையில்.

இதற்குச் சற்று முன்னால் நடிகர் மிஷேல் பிக்கோலி ஏற்ற பாத்திரம் காருக்குள் வந்து, ஏன் இன்னும் இந்தத் தொழிலை விடவில்லை என்று கேட்கிறார். செய்கையின் அழகுக்காக என்கிறார் ஆஸ்கார். அழகு பார்ப்பவர் கண்ணில்தானே இருக்கிறது என்கிறார் வந்தவர். பார்க்க யாருமே இல்லாவிட்டால் என்று திருப்பிக் கேட்கிறார் ஆஸ்கார்.

[திரையில்: இருட்டு]

இப்போது படத்தின் தொடக்கத்துக்குப் போங்கள். தியேட்டர் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கண்களைப் பாருங்கள், எல்லாம் மூடியிருக்கின்றன.