டெல்டாவில் கூடைப்பந்து சங்கம் எப்படிப் பிறந்தது?

வணக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று டெல்டாவில் எங்கே மாவட்ட அளவில் ஆடியிருந்தாலும் உங்கள் சர்டிபிகேட்டில் ஒரு கூடைப்பந்து சங்கத்தின் பெயர் இருக்கும். அதை யார் ஆரம்பித்தது என்று நாலு பேரிடம் கேளுங்கள், நாலு பெயர் வரும். நாலுமே சரியாகவும் இருக்கலாம். ஏன் அப்படி என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: பள்ளி மைதானம், ரிங் மட்டும்]

1891 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில், கனடாக்காரரான ஜேம்ஸ் நைஸ்மித் இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் அடித்து வைத்தார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரம். இன்றைக்கும் ரிங் அதே பத்தடி, மீட்டர் கணக்கில் 3.05. இது பலருக்கும் தெரிந்த கதை. தமிழ்நாட்டுக்கு முக்கியமான வருடம் 1920. அந்த வருடம்தான் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பி.டி. மாஸ்டர்களாகப் பள்ளிகளுக்குப் போனார்கள், போன இடத்துக்கு விசிலோடு விளையாட்டையும் கொண்டு போனார்கள். முதல் தேசியப் போட்டி 1934இல் டெல்லியில் நடந்தது, இந்தியக் கூடைப்பந்து சம்மேளனம் வந்தது 1950இல். மேலே சம்மேளனம் வருவதற்கு 16 வருடம் முன்பே தேசியப் போட்டி நடந்துவிட்டது பாருங்கள். ஊர்களிலும் வரிசை இதுதான்: முதலில் ஆட்டம், அப்புறம்தான் சங்கம்.

ஆனால் டெல்டாவில் ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு பிரச்சினை இருக்கிறது. தரை.

நம்முடையது வண்டல் களிமண். நெல்லுக்கு அதைவிட நல்ல மண் கிடையாது, பந்து தட்டுவதற்கு அதைவிட மோசமான மண்ணும் கிடையாது. ஐப்பசி கார்த்திகை மழையில் ஊறி உப்பும், சித்திரை வெயிலில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். கபடிக்குக் கொஞ்சம் மணல் கொட்டினால் போதும், வாலிபாலில் பந்து தரையைத் தொட்டாலே பாயிண்ட் போய்விடும். கூடைப்பந்தில் மட்டும்தான் பந்து ஒவ்வொரு முறையும் தரையில் பட்டு ஒழுங்காகக் கைக்குத் திரும்ப வேண்டும். 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது இறுதிப் போட்டியைத் திறந்தவெளி மண் கோர்ட்டில் கொட்டுகிற மழையில் ஆடினார்கள். பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8, மொத்த ஆட்டத்துக்கும் அவ்வளவுதான் ஸ்கோர். ஐப்பசியில் நம்மூர் மைதானத்தில் இறங்கியவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம்.

அதனால் களிமண்ணை வெட்டி எடுத்துவிட்டு கிராவல் அடித்து, தண்ணீர் தெளித்து, உருளை போட்டு இறுக்கி, சுண்ணாம்பில் கோடு போட வேண்டும். முழு கோர்ட் 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். பிறகு சிமெண்ட் தளம் போட ஆசை வரும். இதை ஒரு மாஸ்டர் தன் சம்பளத்தில் செய்துவிட முடியாது. சாயங்காலம் பள்ளி கேட்டைத் திறந்துவிடத் தலைமை ஆசிரியரின் சம்மதம் வேண்டும், படித்து முடித்தும் ஆட வருகிற பழைய மாணவர்கள் வேண்டும், லைட்டுக்குக் கரண்ட் பில் கட்ட ஆள் வேண்டும். நன்கொடை ரசீது புத்தகம் அச்சடிக்கிற அந்த நாளில்தான் ஒரு கமிட்டி உருவாகிறது என்பேன். ரசீதின் அடியில் பொருளாளர் என்று யாராவது கையெழுத்துப் போட்டாக வேண்டுமே!

டோர்னமென்ட் நடத்தக் கோடைதான் தோது. சம்பா அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசு புழங்கும், பள்ளி லீவு, மழை பயம் குறைவு. ஜூன் 12 மேட்டூர் திறந்துவிட்டால் குறுவை வேலை வந்துவிடும், அதற்குள் ஃபைனல் முடிந்தாக வேண்டும். வெளியூர் டீம் வந்தால் சாப்பாடு, தங்க இடம், ரெஃபரிக்குப் படி என்று செலவு ஏறும்போதுதான் பதிவு செய்யலாம் என்ற பேச்சே எழும். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து பைலாவோடு, அதாவது சங்கத்தின் விதிமுறைகளோடு, பதிய வேண்டும். அந்த ஏழு பேரில் கிராவல் சுமந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஊருக்கு ஊர் மாறும். எனக்கு மனசு கேட்காத விஷயம் இது. பதிவுப் பத்திரத்தில் பெயர் இருப்பவரே நிறுவனர் என்று மேடையில் சொல்லிவிடுகிறோம், பத்து வருடம் கேட் திறந்துவிட்ட மாஸ்டர் பெயர் எங்கேயும் வருவதில்லை.

[திரையில்: பழைய தஞ்சை மாவட்ட வரைபடம்]

இன்னொரு குழப்பம் மாவட்டப் பிரிவினை. மாவட்டத்துக்கு ஒரு சங்கம் என்பது பொதுவான ஏற்பாடு. பழைய தஞ்சை மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர் வந்தது, 2020இல் நாகையிலிருந்து மயிலாடுதுறை தனியானது. மயிலாடுதுறையில் ஒரே கோர்ட்டில் ஆடிய தாத்தா தஞ்சை மாவட்ட வீரர், அப்பா நாகை மாவட்டம், பேத்தி மயிலாடுதுறை மாவட்டம். சங்கம் புதிது, ஆட்டம் பழையது. 1982க்கு முந்தைய சர்டிபிகேட் என்றால் ஊர் பெயரே மாயூரம் என்றுதான் இருக்கும், தேடும்போது அதையும் மனதில் வையுங்கள்.

தேட நினைப்பவர்கள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சங்கத்தின் பெயரைச் சொல்லி பைலா நகலுக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். அதைவிட அவசரமானது, ஓய்வு பெற்ற பி.டி. மாஸ்டர்களைப் போய்ப் பார்ப்பது. பரணில் ஸ்கோர் ஷீட், குரூப் போட்டோ, ரசீதின் அடிக்கட்டை ஏதாவது கிடக்கும். போட்டோவில் நிற்கிற ஒவ்வொருவர் பெயரையும் அவர்கள் சொல்லச் சொல்லப் பின்பக்கம் பென்சிலில் எழுதிக் கொள்ளுங்கள்.